எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் நிரல்: வளங்களை மூடுவதும் விதிவிலக்குகளைக் கையாள்வதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வார நாட்களில் எனக்குப் புதுச்சேரியில் நிரல் எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் வகுப்பு. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் என்று மூன்று ஊரிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஊர் வேறானாலும் சந்தேகம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே படத்தைப் பலகையில் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து எனக்கே சலித்துப் போனதால் இந்தப் பக்கத்தைத் தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

நிரல் வரிகளை இங்கே தரவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு ஃபோனில் படிப்பவர்களுக்கு அவை உடைந்து தெரியும். அவற்றை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். பிளஸ் ஒன் தமிழ்வழிப் பாடநூலில் படித்த இனக்குழு (கிளாஸ், பொருட்களுக்கான வார்ப்பு), ஆக்கி (பொருள் உருவாகும்போது ஓடுவது), அழிப்பி (பொருள் அழியும்போது ஓடுவது) ஆகிய சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

1. வளம் வளம் என்கிறீர்களே சார், அது நினைவகம்தானே?

நினைவகமும் ஒரு வளம்தான். ஆனால் இந்தப் பக்கத்தின் கவலை அது அல்ல. உங்கள் நிரல் வெளியே யாரிடமிருந்தோ வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டிய எதுவும் வளம்: திறந்த கோப்பு, தரவுத்தள இணைப்பு, நெட்வொர்க் சாக்கெட், ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு. இவை எல்லாம் எண்ணி வைக்கப்பட்டவை. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை வழக்கமாக 1024. மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகள், யாரும் அமைப்பை மாற்றாவிட்டால், 151.

நான் சிறுவனாக இருந்தபோது முதுநகரில் மணி வாடகைக்குச் சைக்கிள் விடும் கடை ஒன்று இருந்தது. மொத்தம் பன்னிரண்டு சைக்கிள். ஒரு நோட்டில் பெயர், எடுத்த நேரம். ஒருவன் சைக்கிளைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டால், அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகாது. பன்னிரண்டாவதாக வந்து நிற்கும் பையனுக்குத்தான் சைக்கிள் இருக்காது. வளக் கசிவும் இப்படித்தான். தவறு செய்த வரி ஓரிடத்தில் இருக்கும், அடி வாங்கும் வரி வேறிடத்தில் இருக்கும். அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

2. நிரல் முடிந்ததும் இயங்குதளமே எல்லாவற்றையும் மூடிவிடும் என்று படித்தேன். பிறகு நான் ஏன் மூட வேண்டும்?

படித்தது சரி. கல்லூரி ஆய்வகத்தில் ஓடும் நிரல் இரண்டு வினாடியில் முடிந்துவிடுகிறது, இயங்குதளம் பின்னால் வந்து எல்லாவற்றையும் ஒதுங்க வைத்துவிடுகிறது. ஆனால் வேலையில் நீங்கள் எழுதப்போகும் நிரல் மாதக்கணக்கில் முடியாது. முடியாத நிரலுக்கு "முடிந்ததும்" என்ற நேரமே வருவதில்லை.

இன்னொன்று. இயங்குதளம் கோப்பை மூடுமே தவிர, உங்கள் நிரலின் பஃபரில் (எழுதுவதைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடத்தில்) தேங்கி நிற்கும் எழுத்துகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஜாவாவில் பஃபர்டுரைட்டர் வழியாக நான்கு வரி எழுதிவிட்டு, மூடாமல் நிரலை முடித்துப் பாருங்கள். கோப்பு இருக்கும், உள்ளே பூஜ்யம் பைட் இருக்கும். "சார், கோப்பு உருவாகிறது, ஆனால் காலியாக இருக்கிறது" என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் வந்து நிற்கிறார்.

3. ஜாவாவில் குப்பை சேகரிப்பான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

குப்பை சேகரிப்பான் நினைவகத்தை மட்டும்தான் பார்க்கிறது. நினைவகத்தில் இடம் தாராளமாக இருந்தால் அது எழுந்து வரவே அவசியம் இல்லை. அதற்குள் இணைப்புகள் தீர்ந்துபோயிருக்கும். நகராட்சிக் குப்பை வண்டி தெருவுக்கு வரும், வாசலில் வைத்ததை எடுத்துக்கொண்டும் போகும். ஆனால் நீங்கள் நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை அல்ல.

ஃபைனலைஸ் என்ற மெத்தட் இந்த வேலையைச் செய்யும் என்று பழைய குறிப்பேடுகளில் இருக்கும். அது எப்போது ஓடும், ஓடுமா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. 2017-இல் வந்த ஜாவா 9 அதைக் கைவிடத்தக்கதாக அறிவித்தது. 2022-இல் வந்த ஜாவா 18 எதிர்காலத்தில் நீக்கப்படும் என்றே குறித்துவிட்டது. தேர்வில் கேட்டால் எழுதுங்கள், நிரலில் எழுதாதீர்கள்.

4. நான் கடைசி வரியில் மறக்காமல் க்ளோஸ் எழுதுகிறேனே, அது போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரி மொத்த வியாபாரி ஒருவருக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். இணைப்பை எடு, பில்லைத் தரவுத்தளத்தில் சேர், அச்சடி, இணைப்பை மூடு. நான்கு படி. மூடும் வரி கடைசியில் ஒழுங்காகவே இருந்தது. அச்சுப்பொறியில் தாள் தீர்ந்தால் விதிவிலக்கு, அதாவது ஓடும்போது எழும் பிழை அறிவிப்பு, எறியப்படும். அதைப் பிடித்துத் திரையில் "தாள் இல்லை" என்று காட்டவும் செய்திருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

சில நாட்களில் ஃபோன் வந்தது. "தம்பி, பில் போடப் போனால் அரை நிமிடம் அப்படியே நிற்கிறது, பிறகு ஏதோ சிவப்பில் எழுத்து வருகிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது. கரண்ட் கோளாறாக இருக்குமோ?" நானும் மூன்று வாரம் கரண்டையும் கேபிளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான்: தாள் தீர்ந்ததும் அச்சடிக்கும் வரியிலிருந்து ஓட்டம் நேராக, விதிவிலக்கைப் பிடிக்கும் கேட்ச் பகுதிக்குத் தாவியது. இடையில் இருந்த மூடும் வரி ஓடவே இல்லை. ஒவ்வொரு முறை தாள் தீரும்போதும் ஓர் இணைப்பு திரும்பி வராமல் போனது. நான் பயன்படுத்திய ஹிகாரி என்பது ஜாவாவுக்கான இணைப்புத் தொகுப்பு; இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும். அது இயல்பாகவே பத்து இணைப்புகள்தான் வைத்திருக்கும். பத்தும் போன பிறகு கேட்பவரை முப்பது வினாடி காக்க வைத்து, அதன் பிறகு கையை விரிக்கும். அந்த அரை நிமிடத்தின் கணக்கு அதுதான். கிடங்கில் இருந்த அந்தக் கணினியை இரவிலும் அணைக்கமாட்டார்கள், எனவே கசிவு நாள்தோறும் சேர்ந்துகொண்டே வந்தது. முந்திரி சீசனில் பில் அதிகம், தாளும் அடிக்கடி தீரும், நிரலும் அடிக்கடி நிற்கும்.

ஆகவே போதாது. விதிவிலக்கு என்பது ஓட்டத்தை இடையிலேயே வெட்டித் தூக்கிக்கொண்டு போவது. கடைசி வரிவரை எல்லாம் நல்லபடியாக நடந்தால் மட்டுமே கடைசி வரி ஓடும்.

5. சரி, ஃபைனலி பகுதியில் மூடினால் போயிற்று. புதிதாக வேறு எதற்கு?

ஃபைனலி தவறில்லை. விதிவிலக்கு வரக்கூடிய வரிகளை வைக்கும் ட்ரை பகுதி எப்படி முடிந்தாலும் அது ஓடும். என் முந்திரி நிரலும் அதனால் பிழைத்திருக்கும். சிக்கல் எழுதுகிறவரிடம் இருக்கிறது. மாறியை ட்ரைக்கு வெளியே அறிவிக்க வேண்டும், அது நல் (null, எந்தப் பொருளையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூடும் வரியே விதிவிலக்கு எறியலாம் என்பதால் அதற்குள் இன்னொரு ட்ரை எழுத வேண்டும். இணைப்பு, கூற்று (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளை), முடிவுத் தொகுதி (அதற்குத் திரும்பி வரும் தரவு) என்று மூன்று வளம் இருந்தால் மூன்று அடுக்கு. உண்மையான வேலை நான்கு வரி, துடைத்து வைக்கும் வேலை இருபது வரி. இருபது வரியில் ஒன்றை எப்போதாவது விட்டுவிடுவோம்.

மோசமான இன்னொரு சங்கதியும் உண்டு. ட்ரையில் ஒரு விதிவிலக்கு கிளம்பி, ஃபைனலியில் மூடும்போது இன்னொன்று கிளம்பினால், ஜாவாவில் இரண்டாவதுதான் வெளியே போகும். முதலாவது, அதாவது உண்மையான காரணம், சுவடே இல்லாமல் மறைந்துவிடும். பதிவேட்டில் "மூட முடியவில்லை" என்று மட்டும் பார்த்து நாள் முழுதும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

6. ட்ரைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வளத்தை எழுதினால் உள்ளே என்ன நடக்கிறது?

2011 ஜூலையில் வந்த ஜாவா 7-இன் வசதி இது. ஆட்டோக்ளோசபிள் என்ற இடைமுகத்தை நிறைவேற்றும் எந்தப் பொருளையும் அந்த அடைப்புக்குறிக்குள் திறக்கலாம். ட்ரை பகுதியை விட்டு எந்த வாசல் வழியாக வெளியேறினாலும், அதாவது இயல்பாக முடிந்தாலும், ரிட்டர்ன் ஆனாலும், விதிவிலக்கு எறியப்பட்டாலும், கம்பைலர் எழுதி வைத்த மூடும் வரி ஓடும். கேள்வி 5-இல் சொன்ன இருபது வரியை நமக்குப் பதிலாகக் கம்பைலர் எழுதுகிறது; அதற்கு மறதி இல்லை.

பல வளங்கள் இருந்தால் திறந்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மூடப்படும். முடிவுத் தொகுதி முதலில், கூற்று அடுத்து, இணைப்பு கடைசி. பின்னால் திறந்தது முன்னால் திறந்ததை நம்பி நிற்பதால் இந்த வரிசை. திறக்கும்போது நல் வந்தால் பயப்பட வேண்டாம், அதை மூட முயலாமல் விட்டுவிடும். ஜாவா 9 முதல், ஏற்கெனவே அறிவித்து, பிறகு மதிப்பு மாறாத மாறியின் பெயரையும் அங்கே நேரடியாக எழுதலாம்.

7. சி பிளஸ் பிளஸில் ஃபைனலியே இல்லையே. அந்த மொழிக்காரர்கள் என்னதான் செய்கிறார்கள்?

அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. உள்ளபடியே சொன்னால், ஜாவா 2011-இல் எட்டிய இடத்துக்கு அவர்கள் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டார்கள். ஒரு செயற்கூறுக்குள் அறிவிக்கப்பட்ட பொருளின் ஆயுள் அதன் நெளிவு அடைப்புக்குறியோடு முடிகிறது. முடியும் கணத்தில் அழிப்பி ஓடியே தீரும். விதிவிலக்கு எறியப்பட்டு, பிடிக்க ஆள் இருந்தால், எறிந்த இடத்திலிருந்து பிடிக்கும் இடம் வரை உள்ள எல்லாச் செயற்கூறுகளின் பொருட்களும் ஒவ்வொன்றாக அழிக்கப்படும். ஆகவே ஆக்கியில் கோப்பைத் திற, அழிப்பியில் மூடு. அவ்வளவுதான் சூத்திரம். மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் இதற்கு வைத்த பெயர் "வளத்தைப் பெறுவதே தொடக்கம்" என்ற பொருள் தருவது, சுருக்கமாக ஆர்ஏஐஐ. பெயர் வாய்க்கு வழங்காது, கருத்து பொன்.

முக்கியமான வேறுபாட்டைக் கவனியுங்கள். ஜாவாவிலும் பைதானிலும் வளத்தைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் நினைவாக ட்ரை அல்லது வித் (கேள்வி 9 பார்க்க) எழுத வேண்டும். சி பிளஸ் பிளஸில் இனக்குழுவை எழுதியவர் ஒரு முறை சரியாக எழுதிவிட்டால், பயன்படுத்துகிற நூறு பேரும் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. என் மனச்சாய்வு இதன் பக்கம் என்பதை மறைக்கவில்லை. 2011-ஆம் ஆண்டின் தரத்தில் வந்த யூனிக் பாயின்டர் நினைவகத்துக்கும், லாக் கார்டு பூட்டுக்கும் இதையே செய்கின்றன. பழைய புத்தகத்தில் ஆட்டோ பாயின்டர் என்று கண்டால் தாண்டிப் போங்கள்; 2017 தரத்தில் அதை நீக்கியே விட்டார்கள்.

8. கல்லூரி ஆய்வகத்தில் டர்போவில் ட்ரை எழுதினால் பிழை காட்டுகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. டர்போ சி பிளஸ் பிளஸ் 3.0 தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது, அதற்கு விதிவிலக்கு என்றால் என்னவென்றே தெரியாது. மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998-இல். வீட்டில் ஜிசிசி கம்பைலரை நிறுவிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. செய்முறைத் தேர்வன்று மட்டும் நீலத் திரைக்குத் திரும்புங்கள்.

9. பைதானில் வித் போடாமல் திறந்தாலும் கோப்பு ஒழுங்காக மூடிக்கொள்கிறதே?

நீங்கள் பயன்படுத்துவது சிபைதான் என்ற வழக்கமான பைதான் செயலாக்கம் என்பதால் அப்படித் தெரிகிறது. அது ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும்; எண்ணிக்கை பூஜ்யமானதும் பொருளை உடனே அழிக்கும், கோப்பும் மூடப்படும். இது அந்தச் செயலாக்கத்தின் பழக்கம், மொழி கொடுத்த வாக்கு அல்ல. அதே நிரலைப் பைபை என்ற இன்னொரு செயலாக்கத்தில் ஓட்டினால் கோப்பு எப்போது மூடப்படும் என்று சொல்ல முடியாது. சிபைதானிலும், விதிவிலக்கின் தடம் (அது வந்த வழியைக் காட்டும் பதிவு) அந்தச் செயற்கூறின் மாறிகளைப் பிடித்து வைத்திருந்தால் கோப்பு திறந்தே கிடக்கும்.

வித் 2006-இல் பைதான் 2.5-உடன் வந்தது. உள்ளே நுழையும்போது என்டர், வெளியேறும்போது எக்சிட் என்று இரண்டு மெத்தட்கள் அழைக்கப்படும். சொந்தமாக எக்சிட் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது மெய் என்று திருப்பித் தந்தால், நடந்த விதிவிலக்கு அங்கேயே விழுங்கப்படும். "எல்லாம் சரியாக முடிந்தது" என்று காட்டுவதற்காக ஒரு மாணவர் கடைசியில் ட்ரூ திருப்பியிருந்தார். அவருடைய நிரலில் இரண்டு வாரம் எந்தப் பிழையும் வரவில்லை, எந்த வேலையும் நடக்கவில்லை.

10. சி ஷார்ப்?

ஐடிஸ்போசபிள் இடைமுகமும் யூசிங் கூற்றும். கேள்வி 6-இல் சொன்னவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். 2019-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் அடைப்புக்குறி இல்லாமல் ஒரே வரியில் யூசிங் எழுதலாம். அந்தப் பகுதி முடியும்போது மூடப்படும்.

11. வளம் மூடப்படுவது கேட்ச் ஓடுவதற்கு முன்பா, பின்பா?

முன்பு. நேர்முகத் தேர்வில் கேட்கிறார்கள் என்பதற்காக அல்ல, இதை அறியாமல் எழுதினால் பணம் போகும் என்பதற்காக மனதில் வையுங்கள். ஜாவாவில் அடைப்புக்குறி ட்ரையோடு எழுதும் கேட்சும் ஃபைனலியும் வளங்கள் எல்லாம் மூடிய பிறகே ஓடும். அடைப்புக்குறிக்குள் அறிவித்த மாறி கேட்சுக்குள் தெரியவும் தெரியாது.

இதனால் மாட்டிக்கொள்வது பரிவர்த்தனை. ஒரு கணக்கில் கழித்து மற்றொன்றில் கூட்டும்போது இடையில் பிழை வந்தால் பின்வாங்க வேண்டும். பின்வாங்கும் கட்டளையைக் கேட்சில் எழுதலாம் என்று பார்த்தால், இணைப்பு அதற்குள் மூடப்பட்டிருக்கும். இணைப்பை மூடினால் பின்வாங்கிவிடும் என்று நம்பவும் கூடாது. நிலுவையில் பரிவர்த்தனை இருக்கும்போது மூடினால் என்ன ஆகும் என்பதை, ஜாவா தரவுத்தளத்தோடு பேசும் இடைமுகமான ஜேடிபிசி அந்தந்தத் தரவுத்தளத்தின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. வழி எளிது: வெளியே இணைப்புக்கு ஒரு ட்ரை, அதற்கு உள்ளே பரிவர்த்தனைக்கு ஒரு சாதாரண ட்ரை. உள்ளே இருக்கும் கேட்சில் பின்வாங்கிவிட்டு, விதிவிலக்கை மறுபடி எறியுங்கள்.

12. மூடும்போதே பிழை வந்தால் என்ன செய்வது? திருடனைப் பிடிக்கப் போன காவலரையே காணோம் என்ற கதையாக இருக்கிறதே.

உவமை பிரமாதம், அப்படியே வைத்துக்கொண்டேன். மூன்று மொழியும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. ஜாவாவின் அடைப்புக்குறி ட்ரையில் முதல் விதிவிலக்குதான் வெளியே வரும். மூடும்போது வந்தது அதன் முதுகில் ஏற்றி அனுப்பப்படும். கெட்சப்ரஸ்டு என்ற மெத்தட்டைக் கேட்டால் அந்தப் பட்டியல் கிடைக்கும். கேள்வி 5-இல் சொன்ன மறைந்துபோகும் குறை இப்படித்தான் தீர்ந்தது. பைதானில் புதியது வெளியே வரும், பழையது அதன் பின்னணியாக ஒட்டிக்கொண்டு வரும்; தடத்தில் இரண்டையும் பார்க்கலாம்.

சி பிளஸ் பிளஸ் கண்டிப்பானது. 2011 தரம் முதல் அழிப்பிகள் விதிவிலக்கு எறியாது என்பதே இயல்பான ஏற்பாடு. மீறி வெளியே எறிந்தால் டெர்மினேட் அழைக்கப்பட்டு நிரலே நின்றுவிடும். எனவே அழிப்பிக்குள் வரும் பிழையை அங்கேயே அடக்க வேண்டும். ஆனால் எழுதும் கோப்பில் இது ஆபத்து: வட்டு நிரம்பியது என்ற செய்தி பல நேரங்களில் மூடும் வேளையில்தான் வரும், கோப்பு ஓடையின் (ஸ்ட்ரீம்) அழிப்பி அதை வாய் திறக்காமல் விழுங்கும். முக்கியமான கோப்பு என்றால், எழுதி முடித்ததும் நீங்களே க்ளோஸ் அழைத்து நிலையைச் சோதியுங்கள். அதற்கு முன்பே விதிவிலக்கு வந்துவிட்டால் அழிப்பி மூடிக்கொள்ளட்டும்.

13. ஆக்கியிலேயே விதிவிலக்கு வந்தால் அழிப்பி ஓடுமா?

ஓடாது. பிறக்காத பிள்ளைக்கு ஏது கருமாதி. ஆனால் அந்தப் பொருளின் உறுப்புகளில் எவை முழுதாக உருவாகிவிட்டனவோ அவற்றின் அழிப்பிகள் ஓடும். ஆகவே ஓர் ஆக்கிக்குள் இரண்டு வளங்களைக் கையாலேயே திறந்து வெறும் சுட்டிகளில் வைத்தால், இரண்டாவது தோற்கும்போது முதலாவது கசியும். ஒவ்வொரு வளத்தையும் அதற்கென்று ஓர் உறுப்புப் பொருளில் வைத்தால் கசியாது.

ஜாவாவில் இதே பள்ளம் வேறு உருவில் இருக்கிறது. ஒரு ரீடரை இன்னொரு ரீடருக்குள் ஒரே வரியில் பொதிந்து எழுதுகிறோம். உள்ளே இருப்பது திறந்துவிட்டு, வெளியே இருப்பதன் ஆக்கி தோற்றால், உள்ளே திறந்ததற்குப் பெயரே இல்லை. பெயரில்லாததை யார் மூடுவது? சுருக்கப்பட்ட கோப்பைப் படிக்கும் ஓடைகளில் இது நிஜமாகவே நடக்கும், ஏனென்றால் அவற்றின் ஆக்கி தலைப்பைப் படித்துப் பார்த்து, கெட்டிருந்தால் எறியும். அடைப்புக்குறிக்குள் ஒவ்வொன்றையும் தனிப் பெயரோடு தனி வரியில் அறிவியுங்கள்.

14. ஸ்கேனரை மூடினேன். அடுத்த மெத்தட் விசைப்பலகையிலிருந்து வாங்க மறுக்கிறது. மூடச் சொன்னதே நீங்கள்தானே?

நான்தான், ஒப்புக்கொள்கிறேன். உள்ளீட்டை வாசிக்கும் ஜாவாவின் ஸ்கேனரை மூடினால், அது தனக்குள் பிடித்திருக்கும் சிஸ்டம் இன் என்ற விசைப்பலகை ஓடையையும் சேர்த்து மூடிவிடும். அந்த ஓடையை நீங்கள் திறக்கவில்லை. நிரல் தொடங்கும்போதே திறந்து கையில் கொடுத்தார்கள். ஒரு முறை மூடினால் மறுபடி திறக்க வழி இல்லை, அடுத்த ஸ்கேனர் நோசச்எலிமென்ட் விதிவிலக்கை எறியும்.

இதிலிருந்து வரும் பழக்கம்: திறந்தவரே மூட வேண்டும். அளவுருவாக உங்கள் மெத்தட்டுக்குள் வந்த இணைப்பை மூடாதீர்கள், அழைத்தவருக்கு அதில் இன்னும் வேலை இருக்கலாம். நீங்கள் திறந்ததை வேறொருவரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்றால், இனி மூடுவது யார் பொறுப்பு என்பதை மெத்தட்டின் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். விசைப்பலகை ஸ்கேனரை மெயினில் ஒன்றே ஒன்று உருவாக்கி எல்லாருக்கும் அதையே கொடுங்கள். எடிட்டர் மஞ்சள் கோடு போட்டு மிரட்டும், பொருட்படுத்த வேண்டாம்.

15. தொகுப்பிலிருந்து எடுத்த இணைப்பை மூடினால் இணைப்பே அறுந்துவிடாதா? பிறகு தொகுப்பு எதற்கு?

அறுந்துவிடாது. தொகுப்பு உங்கள் கையில் கொடுப்பது உண்மையான இணைப்புக்கு மேல் போர்த்திய ஒரு உறை. அதன் க்ளோஸ், இணைப்பைத் தொகுப்பில் திரும்ப வைக்கிறது. கேள்வி 1-இல் வந்த சைக்கிளைக் கடையில் கொண்டுபோய் நிறுத்துவது போல. உடைத்துப் போடுவது அல்ல.

16. ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதலாமா? நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்.

கம்பைலர் அனுமதிக்கும், நான் அனுமதிக்கமாட்டேன். ஃபைனலியில் உள்ள ரிட்டர்ன், ட்ரை திருப்பிய மதிப்பை மட்டுமல்ல, பறந்துகொண்டிருந்த விதிவிலக்கையும் தின்றுவிடும். ஜாவா, பைதான் இரண்டிலும் இதே கதை. 2025-இல் வந்த பைதான் 3.14 இதற்கு எச்சரிக்கை காட்டத் தொடங்கிவிட்டது. சி ஷார்ப் முதலிலிருந்தே இதைப் பிழை என்று மறுத்துவிடுகிறது.

17. எதற்கு இத்தனை வம்பு? மொத்த நிரலையும் ஒரே ட்ரைக்குள் வைத்து, கேட்சைக் காலியாக விட்டால் நிற்காமல் ஓடுமே?

ஓடும். கேள்வி 9-இன் மாணவருடைய நிரல் ஓடிய மாதிரி ஓடும். பிடித்த பிழையை வைத்து அந்த இடத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடிந்தால் மட்டும் பிடியுங்கள்: வேறு கோப்பை முயல்வது, பயனருக்குச் சொல்வது, மறுபடி முயல்வது. முடியாவிட்டால் மேலே போக விடுங்கள். வளத்தை மூடுவதற்காகப் பிழையைப் பிடிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு வேலையையும் பிரித்து வைத்ததுதான் அடைப்புக்குறி ட்ரை, வித், அழிப்பி ஆகிய மூன்றின் சாதனை. பைதானில் வெறும் எக்செப்ட் எழுதுகிறவர்களுக்கு: அது கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்த முயல்வதையும் பிடித்துக்கொள்ளும். நிற்க மறுக்கும் நிரலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது புரியும்.

18. ஃபைனலியோ அழிப்பியோ ஓடாமலே போகும் சந்தர்ப்பம் உண்டா?

உண்டு. ஜாவாவில் சிஸ்டம் எக்சிட் அழைத்தால் நிலுவையில் உள்ள ஃபைனலி எதுவும் ஓடாது. சி பிளஸ் பிளஸில் எக்சிட் அழைத்தால் செயற்கூறுக்குள் இருக்கும் பொருட்களின் அழிப்பிகள் ஓடமாட்டா. விதிவிலக்கை மெயின் வரை யாருமே பிடிக்காவிட்டால் ஓடுமா என்பது கம்பைலரைப் பொறுத்தது. லினக்ஸில் நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 அனுப்பினால் எந்த மொழியும் தப்பாது.

பிறகு மின்சாரம். ஜாவா 7-உம் சி பிளஸ் பிளஸின் புதிய தரமும் வந்த அதே 2011-இன் கடைசியில், டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த அந்த நாட்களைக் கண்டவர்களிடம் "ஃபைனலி எப்போதும் ஓடும்" என்று சொல்லிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்தான் அந்த வாக்குறுதி. கரண்ட் போனாலும் தரவு பாதி எழுதிய நிலையில் நிற்கக் கூடாது என்றால் அதற்கு வேறு கருவி வேண்டும்: தரவுத்தளத்தின் பரிவர்த்தனை, அல்லது புதிய கோப்பில் முழுதும் எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, கடைசியில் பெயர் மாற்றுவது.

19. என் நிரலில் கசிவு இல்லை என்று எப்படி நம்புவது?

நம்பாதீர்கள், சோதியுங்கள். வளத்தைத் திறந்ததற்கும் மூடுவதற்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு விதிவிலக்கை எறிந்துவிட்டு, அந்த மெத்தட்டை இரண்டாயிரம் முறை சுற்றில் அழையுங்கள். ஓடும்போது லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் கட்டளையால் அந்த நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்புகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஹிகாரியில் இணைப்பு நெடுநேரம் திரும்பாவிட்டால், அதை எடுத்த இடத்தின் தடத்தோடு எச்சரிக்கும் அமைப்பு உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும், நீங்கள்தான் போட வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இன்னும் முரட்டுத்தனமானது. சோதனைக் கணினியில் தொகுப்பின் அளவை ஒன்று என்று வைத்துவிடுங்கள். பத்து நாளில் பத்தாவது தாள் தீர்ந்து தெரிய வேண்டிய கசிவு, இரண்டாவது பில்லிலேயே முப்பது வினாடி நின்று காட்டிக்கொடுத்துவிடும். பண்ருட்டிக்காரரின் நிரலில் நான் கடைசியில் அப்படித்தான் கண்டுபிடித்தேன், அச்சுப்பொறியிலிருந்து தாள் சுருளைக் கையால் உருவி வைத்துவிட்டு.